தம்பியைப் போல ஒரு வில்லன்

என் தம்பி இஸ்திரி போட்டால் சட்டையில் ஒரு சுருக்கம் தேடினாலும் கிடைக்காது, சார். சலவைக்கடை முதலாளியே அதை ஒப்புக்கொள்வார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவனைத் தனியாக உட்காரவைப்பார். "பைத்தியம் எப்போ கடிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்பார். கடையே சேர்ந்து சிரிக்கும்.

நான் சினிமாவுக்குக் கதை எழுதுகிறவன். மனநோயாளிகளை அரக்கர்களாகவே காட்டும் படங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஊர் விரட்டி விரட்டியே வில்லனாகிப்போன ஒருவனுக்காக ஜனங்கள் அழ வேண்டும் என்று ஒரு கதை எழுதினேன். டைரக்டர் படித்துவிட்டு, "எல்லாம் இருக்கு, உயிர்தான் இல்ல" என்றார்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? உயிர் என் வீட்டிலேயே இருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரைதான் தம்பியைச் சாதுவாக்கி வைத்திருந்தது. அதை என் கையால் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வான், வேறு யாரையும் நம்பமாட்டான். அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரை கடையில் கிடைத்தது. மாற்றிக் கொடுத்தேன்.

முதலில் தூக்கம் போனது. பிறகு சுவரோடு பேச ஆரம்பித்தான். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. டைரக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஒரு காலையில் தம்பி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "மாத்திரை கேக்கமாட்டேங்குதுண்ணா. முதலாளி சிரிக்கிறது வீட்லயும் கேக்குது. பயமாயிருக்கு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போண்ணா."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கிளைமாக்ஸ் பாக்கியிருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கடா, சரியாயிடும்" என்று முதுகைத் தட்டி வேலைக்கு அனுப்பினேன்.

அன்றும் முதலாளி வழக்கம்போல் சிரித்திருக்கிறார். தம்பியின் கையில் சூடான இஸ்திரிப்பெட்டி இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

தம்பியை மனநல ஆஸ்பத்திரியில் ஒரு பூட்டிய அறையில் வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போனால், "ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டேனேண்ணா, அப்புறம் ஏன்?" என்று அதையே கேட்கிறான். எல்லாம் கைமீறிப் போய்விட்டது.

படம் நன்றாக வந்திருக்கிறது, சார். நேரம் கிடைத்தால் பாருங்கள். கடைசியில் ஊரே அந்த வில்லன்மேல் கல்லெறியும்போது, அவனுடைய அண்ணன் குறுக்கே விழுந்து எல்லா அடியையும் தான் வாங்கிக்கொள்வான். தியேட்டரே அழுதது. என் தம்பிக்கு அப்படி ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று நானும் அழுதேன்.