முப்பத்தொன்பது பறவைகளும் ஒரு கண்ணாடிச் சுவரும்

என் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவரும், இன்று இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருப்பவருமான நூலகர் அம்மையார் அவர்களே! மரத்துக்கு மரம் அண்ணாந்து பார்த்துக் கழுத்துச் சுளுக்கிய பறவை நோக்கர் சங்கத்துச் செயலர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், எனக்கு வேலை தந்த கட்டட மேலாளர் ஐயா அவர்களே! என்னைவிட மூத்த பெரியோர்களே (இருவர்தான் தெரிகிறீர்கள், உங்களுக்குத் தனி வணக்கம்)! பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமை காக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் மருமகளே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கண்ணாடி துடைக்கிறவனின் வணக்கம்.

இந்தப் பேச்சை எட்டு நாளாக எழுதினேன். அறுபத்தெட்டு வயதில் நானே எழுதி நானே படிக்கும் முதல் பேச்சு. எழுத்துக்கு எழுத்து நின்றுதான் நகரும். அவசரமாக வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் என் முகத்தைப் பார்த்தே மீதியைத் தெரிந்துகொள்ளலாம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் சிரிக்கமாட்டீர்கள்.

மேலாளர் ஐயாவின் கட்டடத்துக்குக் கிழக்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைத் துடைப்பவன் நான். முதல் நாள் மேஸ்திரி சொன்னார், "கண்ணாடி இருக்கறதே தெரியக்கூடாதுய்யா. அதான் வேலை." அன்றுமுதல் அதுவே என் வேதம். வானம் எது, சுவர் எது என்று தெரியாதபடி துடைத்தேன். கூட வேலை செய்பவர்கள் எனக்குப் 'பளிங்கு' என்று பட்டம் சூட்டினார்கள். அந்தப் பட்டத்தில் எனக்குத் தலைகொள்ளாத பெருமை!

போன ஆண்டு எழுத்து வந்தது. ஐயோ, அந்த மகிழ்ச்சியை என்னவென்று சொல்வேன்! பேருந்துப் பலகை என்னோடு பேசியது. மருந்துச் சீட்டு பேசியது. சோப்புத் தூள் பெட்டிகூட 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று என்னிடம் அக்கறையாகப் பேசியது. நூலகர் அம்மையார் ஒரு பறவைப் படப் புத்தகமும் ஒரு நோட்டும் தந்தார். இந்த இளவேனிலில், பறவைகள் கூட்டம் கூட்டமாக வடக்கே திரும்பும் பருவத்தில், நான் எழுதத் தொடங்கினேன். தகைவிலான், ஈப்பிடிப்பான், கதிர்க்குருவி, பூங்குருவி. என்ன பெயர்கள்! எழுதும்போதே நாக்கு இனித்தது.

ஒருநாள் தேநீர் நேரத்தில் செயலர் ஐயா அந்த நோட்டைப் பார்த்துவிட்டார். முப்பத்தொன்பது வகை. இந்த ஒரு பருவத்தில் சங்கத்தில் ஒருவரும் அத்தனை வலசைப் பறவை பார்த்ததில்லையாம். "பெரியவரே, கண்ணைச் சுத்தி இருக்கற வெள்ளை வளையம் வரைக்கும் எழுதியிருக்கீங்களே! எங்களுக்குத் தொலைநோக்கியிலகூட இது தெரியாதே" என்றார். எல்லாம் எங்கே பார்த்தது என்று கேட்டார். கிழக்குச் சுவர் ஓரத்தில் என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. நான் சொல்லாத பதில் ஒன்று இருந்தது.

என் நோட்டுக்குச் சங்கத்தின் பரிசு, இதோ மேசையில் இருக்கும் இந்தக் கேடயம் என்றார்கள். கட்டட நிர்வாகத்தார் அதைப் படியெடுத்து வாசலில் 'வலசைப் பறவைகளின் புகலிடம்' என்று பலகை வைத்தார்கள். மேற்குச் சுவரையும் கண்ணாடியாக்கத் திட்டம் போட்டு, 'எங்கள் கண்ணாடியால் பறவைக்குத் தீங்கில்லை' என்பதற்குச் சான்றாக என் நோட்டையே இணைத்தார்கள். வரும் திங்கட்கிழமை அந்தத் திட்டத்தில் மேலாளர் ஐயா கையெழுத்துப் போடுகிறார். நானோ பெருமையில் மிதந்தேன்.

வீட்டில் தினமும் அந்த நோட்டை மருமகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். ஒன்பது நாளுக்கு முன் அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள், "மாமா, காலு நிறம், வயித்து நிறம் எல்லாம் எழுதியிருக்கீங்க. எது எப்படிப் பாடுச்சுன்னு ஒண்ணுலயும் இல்லையே?"

நான் நோட்டை மூடினேன். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவையோரே! பாடாத பறவை எது? பறக்காத பறவை எது? கண்ணோரத்து வளையத்தைக் காணும்வரை கைக்குள் கிடக்கும் பறவை எது?

முப்பத்தொன்பதும் செத்துக் கிடந்தவை. இரவெல்லாம் பறந்து களைத்து, விடியலில் என் கண்ணாடியில் மரத்தைப் பார்த்து, அது மரம் என்று நம்பி, மோதி விழுந்தவை. நீங்கள் வேலைக்கு வருமுன் கூட்டித் தள்ளுவதும் என் வேலைதான். இருபத்தோரு ஆண்டுகள் அவற்றைக் குப்பை என்று கூட்டினேன். அது அறியாமை, மன்னித்துவிடலாம். இருபத்திரண்டாம் ஆண்டில் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இறகு விரித்து, படத்தோடு ஒப்பிட்டு, மகிழ்ந்து மகிழ்ந்து பெயர் எழுதினேனே, அதை எப்படி மன்னிப்பீர்கள்?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் எட்டு நாளில் மூன்று நாள் போனது. ஏற்கெனவே எழுதிய பறவையே விழுந்து கிடந்தால் எனக்குச் சலிப்பாக இருந்தது. விடிந்ததும் ஓடுவேன், புதிதாக ஒன்று விழுந்திருக்காதா என்று. ஒரு புதுப் பெயர் எழுதும் ஆசையில், ஒரு புது உயிர் விழவேண்டும் என்று விரும்பியிருக்கிறேன். கற்ற கை இது. கறை பட்ட கையும் இதுவே.

மேலாளர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. உங்களைக் குறை சொல்ல நான் யார்? நீங்கள் கேட்டது பளிச்சென்ற கண்ணாடி. கொன்று தந்தவன் நான். ஆனால் நாளை என்னை வேலையைவிட்டு நிறுத்தினாலும் சரி, என் நோட்டைச் சான்றாக வைத்து மேற்கே இன்னொரு சுவர் எழும்ப விடமாட்டேன். இதோ அந்த நோட்டு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'செத்துக் கிடந்தது' என்று நானே எழுதியிருக்கிறேன். முப்பத்தொன்பது முறை. இதையும் படியெடுத்து அந்தத் திட்டத்தோடு இணையுங்கள் ஐயா. அதன் பிறகு கையெழுத்துப் போட மனம் வந்தால் போடுங்கள்.

போன புதன்கிழமை கிழக்குச் சுவரின் கீழ்த்தளத்தைத் துடைக்கவில்லை. சோப்புக் கட்டியால் நாலு விரலுக்கு ஒரு கோடு போட்டேன். மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "என்ன பளிங்கண்ணே, கண்ணாடி பூரா கோடு? கண்ணு தெரியலையா?"

"இப்பதான் தெரியுது தம்பி" என்றேன்.

பின்னாலிருந்து யாரோ கேட்கிறீர்கள், பலன் இருந்ததா என்று. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படிக்கிறேன், நீங்களே கேளுங்கள்.

'வியாழன். விடியற்காலை. ஒரு சின்னப் பறவை கண்ணாடியை நோக்கி வந்தது. கோட்டைப் பார்த்தது. ஒரு முழம் இருக்கும்போது திரும்பியது. வேப்பங்கொட்டை அளவு அலகு. கால் நிறம் தெரியவில்லை. வயிற்று நிறம் தெரியவில்லை. மூன்று முறை கீச்சென்றது. பறந்துவிட்டதால் பெயர் தெரியவில்லை.'

அவையோரே, நான் கண்ட பறவை அது ஒன்றுதான். சங்கத்துப் பட்டியலில் என் பெயருக்கு நேரே முப்பத்தொன்பதை அடித்துவிட்டு, ஒன்று என்று போடுங்கள். கேடயம் மேசையிலேயே இருக்கட்டும்.

தடுக்கித் தடுக்கிப் படித்ததைப் பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி. கேள்வி கேட்ட மருமகளுக்குக் கூடுதல் நன்றி. வெளியே போகும்போது கண்ணாடிக் கதவு இருக்கிறது, பார்த்துப் போங்கள். வணக்கம்.