அச்சமின்றி வசித்து வருகின்றனர்

திவசத்துக்குக் காய் வாங்குவதைச் சின்ன வேலை என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. உருளைக்கிழங்கு கூடாது, முட்டைக்கோஸ் கூடாது, வெங்காயம் வாசல்படியே தாண்டக் கூடாது. வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், அவரை. தெற்கு மாட வீதியில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே பொறுக்கி எடுத்துவிடுவார். இந்த வருஷம் பையை நீட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னா சார், இந்த வருசம் தீபாவளி முடிஞ்சித்தானே ஒனக்கு வரும்? இப்பவே வாங்கிக்கினு போறே?"

என் அப்பா செத்த திதி ஒரு காய்க்கடைக்காரருக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதை விசாரணையில் உங்களிடம் சொன்னது அவராகத்தான் இருக்க வேண்டும். அல்லது என் அக்கா. யார் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். பரவாயில்லை மேடம். நானும் இருபது வருஷம் மனுதாரர்களிடம் யார் பெயரையும் சொன்னதில்லை.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அப்பாவின் திதி ஐப்பசியில் தேய்பிறைத் துவாதசி. சில வருஷங்களில் ஒரே மாதத்தில் ஒரு திதி இரண்டு தடவை வந்துவிடும். அப்படி வந்தால் பொதுவாகப் பின்னால் வருவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இந்த வருஷம் ஒன்று தீபாவளிக்கு முன்னால், மற்றது பின்னால். நான் முன்னால் வந்ததை எடுத்துக்கொண்டேன். திவசம் பண்ணிவைக்கும் வாத்தியாரிடம், பின்னதில் எனக்கு டில்லி வேலை இருக்கிறது, ஏதாவது வழி பாருங்கள் என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார், பிறகு ஒரு வழி பார்த்தார். அக்காவிடம், வாத்தியாரே முன்னதுதான் என்று சொல்லிவிட்டார் என்றேன். திதியை மாற்றினேன் என்பது உண்மை. ஏன் மாற்றினேன் என்று கேட்கத்தானே நீங்கள் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

மலைப்பகுதியில் வீடு கட்டக் கேட்டு வரும் மனுக்களைப் பார்த்து அனுமதி தரும் பிரிவு என்னுடையது. அலுவலகம் சென்னையில். மலை எங்கேயோ. இதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை. நரிச்சோலை ஓய்வில்லக் குடியிருப்புக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான். தி.நகரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கட்டட நிறுவனம் அதைக் கட்டியது. மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வாங்கினார்கள். வங்கி அதிகாரிகள், ஆசிரியர்கள், தணிக்கைத் துறைக்காரர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். குளிர்ந்த காற்று, சைவச் சமையல், ஒரு பஜனை ஹால்.

சரிவு ஓர் அளவுக்கு மேல் இருந்தால் கட்டக் கூடாது என்பது விதி. மிகச் செங்குத்தான இடத்தின் சரிவா, மொத்த மனையின் சராசரியா என்பதில் விதி தெளிவாக இல்லை. நாங்கள் சராசரியை எடுத்துக்கொள்வோம். நரிச்சோலையில் சராசரியே அதிகமாகத்தான் வந்தது. கீழே, மூடிக்கிடந்த தேயிலை ஆலையின் லாரி நிறுத்தும் மைதானம் ஒன்று இருந்தது. தட்டையான இடம். அதையும் மனைக்குள் சேர்த்து வரைந்து கொண்டுவாருங்கள் என்றேன். சேர்த்து வரைந்தார்கள். மலை படுத்துக்கொண்டது.

இதற்குக் கைமாறாக ஏதாவது வாங்கினேனா என்று போன தடவை கேட்டீர்கள். இல்லை. என் அக்கா ஜெயலக்ஷ்மிக்கு அங்கே ஒரு மூலை வீடு கிடைத்தது. முழு விலை கொடுத்துத்தான் வாங்கினாள். பள்ளத்தாக்கு பார்த்த வீடு. அவள் கணவர், அத்திம்பேருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

வாட்ச்மேன் பக்கிரியை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். ஆழ்வார்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தில் வேலை பார்த்தவன். பட்டினப்பாக்கத்தில் அவன் வீட்டைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. "எங்கனா மேட்டாண்ட வேலை இருந்தா சொல்லு சார்" என்றான். மலையை விட மேடு ஏது. மகள் அனுவை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, மனைவி குப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அங்கே ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் எனக்குப் போன் செய்து கேட்பான். நான் அரசாங்கம் என்று அவன் நினைத்தான். ஒரு வகையில் சரிதான்.

அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் முருகையன் என்பவன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டான். மேலே மலையை வெட்டிவிட்டார்கள், என் கடைமேல் மண் வரும் என்று. டீக்கடைக்காரனுக்கு வக்கீல் வைக்க எங்கிருந்து வழி? பின்னால் வேறொரு கட்டட நிறுவனம் இருக்கும் என்று சந்தேகப்பட்டேன். விசாரித்தும் பார்த்தேன். அப்படி யாரும் கிடைக்கவில்லை. கிடைக்காதது என் சந்தேகத்தை இன்னும் அதிகமாக்கியது.

அரசின் பதில் மனுவை நான்தான் எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பார்த்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பலர் போகாமலேயே எழுதுவார்கள். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. குடியிருப்பின் பின்னால் மலையைத் தாங்க ஒரு சுவர் உண்டு. அதில் தண்ணீர் வடிவதற்காகத் துளைகள் விட்டிருப்பார்கள். அத்தனை மழையிலும் துளைகள் காய்ந்து கிடந்தன. அப்படியென்றால் தண்ணீர் வெளியே வரவில்லை, உள்ளேயே நிற்கிறது. சுவருக்கு மேலே மரங்கள் ஒன்றுபோல முன்னால் சாய்ந்திருந்தன. எனக்கு இதெல்லாம் படிக்கத் தெரியும். படித்துவிட்டு அக்கா வீட்டில் சாப்பிட்டேன். புளியோதரை செய்திருந்தாள்.

சென்னை திரும்பி பதில் மனுவை முடித்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம்: "குடியிருப்போர் அனைவரும் மேற்படி வளாகத்தில் அச்சமின்றி வசித்து வருகின்றனர்." எல்லாப் பதில் மனுக்களிலும் இப்படி ஒரு வாக்கியம் வரும். அதை அனுப்பிய கையோடு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஏண்டா கல்யாணம், என்ன திடீர்னு பாசம் பொத்துண்டு வரது? எத்தனை வருஷம் திவசம் பண்ணினே, ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கியோ?"

"இந்தத் தடவை வாயேன்."

"தீபாவளிக்கு அப்புறம்னா வரும்?"

"வாத்தியார் முன்னதுதான்னு சொல்லிட்டார்."

"அவர் சொன்னா சரி. ஆனா அத்திம்பேர் வரமாட்டார். முழங்கால் வலி. பஸ்ல உக்காரவே முடியலைங்கறார்."

கார் அனுப்புகிறேன் என்றேன். அதற்கும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஹாலில் சாயங்கால பஜனையை முன்னின்று நடத்துவது அவர்தான், விட்டுவிட்டு வர மனமில்லை. இதற்கு மேல் வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பார். தணிக்கைத் துறையில் இருந்தவர். நான் வற்புறுத்தவில்லை.

திவசத்தன்று காலை ஹோமம் நடந்துகொண்டிருந்தபோது பக்கிரியின் அழைப்பு வந்தது. ஈர வேட்டியோடு எழுந்து போய் எடுத்தேன். மனைவி அதிர்ந்துபோனாள். "ஹோமத்து நடுவுல எழுந்துண்டு போன் பேசறேளே, அப்படி என்ன தலைபோற காரியம்?" வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அக்கா சமையலறை வாசலிலிருந்து என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் மாறவில்லை.

"சார், பின்னால செவுரு உப்பிக்கினு கீது. தண்ணி செவப்பா மண்ணோட வருது. பெருசுங்க எல்லாம் காரை எடுத்துக்கினு கெளம்பறோம்ன்றாங்க. இன்னா சொல்றே?"

"யாருடா உன்னைப் பேசச் சொன்னது? முருகையன் ஆளுங்க யாராவது வந்தாங்களா?"

"இன்னா சார் நீ. என்னை யாரு சொல்றது? எனக்குக் கண்ணு கீதுல்ல?"

அவன் சொன்னதை நான் நம்பவில்லை. வழக்கு மறுநாள் விசாரணைக்கு வருகிறது. அதற்கு முந்தின நாள் பார்த்து எல்லோரும் காரில் கிளம்புகிறார்கள். அடிவாரத்தில் யாராவது படம் எடுத்துத் தொலைக்காட்சியில் காட்டினால்? நீதிபதி என் பதில் மனுவின் கடைசிப் பத்தியைச் சத்தமாக வாசித்தால்? இவ்வளவு பொருத்தமாக ஒன்று தானாக நடக்குமா என்று யோசித்தேன். நானே நேரில் பார்த்த சுவர் அது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வந்தது. ஆனால் முதலில் வந்தது பத்திதான்.

பக்கிரியிடம் சில அறிவுரைகள் சொன்னேன் என்று போன விசாரணையில் சொல்லியிருந்தேன். பல்பு விஷயமாகப் பேசினான் என்று அதற்கும் முன்னால் சொல்லியிருந்தேன். இரண்டையும் நீங்கள் நம்பவில்லை.

திவசச் சாப்பாடு முடியும் நேரத்தில் நரிச்சோலையில் மலை சரிந்த செய்தி வந்தது. மீட்புப் படை போய்ச் சேர்ந்தபோது இரும்புக் கதவு நின்றுகொண்டிருந்தது, சங்கிலி போட்டுப் பூட்டியபடி. கதவுக்கு உள்ளே வேறு எதுவும் நிற்கவில்லை. கார்கள் கதவுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடந்தன. இடிந்த காவல் கூண்டில் பக்கிரி. சாவி அவன் இடுப்பில். அன்று மாலையே எங்கள் துறை ஓர் அறிக்கை விட்டது. அனுமதி விதிப்படிதான், உயிரிழப்புக்குக் காரணம் காவலாளி வாயிற்கதவைப் பூட்டியது என்று. அந்த அறிக்கையையும் நான்தான் எழுதினேன். முதல் குற்றவாளியாக நீங்கள் பக்கிரியைச் சேர்த்தீர்கள். செத்தவன்மேல் வழக்கு நடக்காது. எல்லோருக்கும் வசதி.

முருகையன் மறுநாள் விசாரணைக்காக அன்றே சென்னைக்கு வந்துவிட்டிருந்தான். கடை போய்விட்டது, அவன் பிழைத்தான். இதையும் ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன்.

குப்பம்மா அன்று காலை அரிசி வாங்க மலை இறங்கியிருந்தாள். அதனால் இருக்கிறாள். இப்போது திரும்பவும் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். போன வாரம் எங்கள் அடுக்ககத்துக்கு வந்தாள். மாடிக்கு வரச் சொன்னேன், வரவில்லை. நான்தான் கீழே இறங்கினேன்.

"எம்புருஷனுக்குப் பேரு வெச்சிட்டானுங்க சார். பூட்டு பக்கிரி. அனு பள்ளிக்கொடம் போனா, இன்னாடி சாவி எங்கன்னு கேக்குதுங்க. தண்ணி புடிக்கப் போனா அதே பேச்சு. கெயவங்களை உள்ள வெச்சிப் பூட்டிக் கொன்னவன் பொண்ணாம்."

"சட்டப்படி விசாரணை நடக்குதும்மா."

"சட்டத்தை நீயே வெச்சிக்கோ. அந்தாளு ஒன்னைக் கேக்காம ஒரு தாப்பா போடமாட்டான். பூட்டிட்டு எனக்குப் போன் பண்ணான். சாரு சொன்னாரு, பூட்டிட்டேன்னான். போலீஸ்ல சொன்னா, பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்றாங்க. நீ ஜெயிலுக்குப் போன்னு கேக்க வரல நானு. சாரு சொன்னாருன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

யார் அனுப்பி வந்தாய் என்று கேட்டேன். பழக்கம். 

"அவனையும் இதே மாரிதான் கேட்டியாமே. போன்ல சொன்னான்" என்றாள். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் அழுதிருந்தால் நான் இன்று வந்திருக்கமாட்டேன். அழுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும், மனு வாங்கி வைத்துக்கொள்வேன். இவள் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. பதில் எழுதுவதற்கு என் கையில் ஒன்றும் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். கதவைப் பூட்டச் சொன்னது நான். சங்கிலியும் போடு என்று சொன்னதும் நான். அவன் தயங்கினான். "பெருசுங்க திட்டுவாங்களே சார், இன்னான்னு சொல்லட்டும்?" என்று கேட்டான். அரசு உத்தரவு என்று சொல், ரோட்டை அடைத்திருக்கிறார்கள், எல்லோரும் ஹாலில் போய் இருக்க வேண்டுமாம் என்று சொல் என்றேன். ரோடு திறந்துதான் இருந்தது. வேறு ஆட்களாக இருந்திருந்தால் கதவை உடைத்திருப்பார்கள், பக்கிரியை அடித்திருப்பார்கள். இவர்கள் வாழ்நாள் முழுக்க உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். உத்தரவு என்ற சொல்லைக் கேட்டதும் கார்களை அணைத்துவிட்டு, குடை பிடித்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடந்து ஹாலுக்குப் போனார்கள். அந்தச் சுவர் ஹாலுக்கு நேர் பின்னால். அதுவும் எனக்குத் தெரியும். வரைபடம் என் மேஜைக்கு வந்ததுதான்.

பக்கிரியின் பெயரை எடுத்துவிடுங்கள். சாவி அவனிடம் இருந்தது. அவன் போயிருக்கலாம். போகவில்லை, ஏனென்றால் நான் போகச் சொல்லவில்லை.

கொலை என்று எழுதப்போகிறீர்களா, அலட்சியம் என்றா? உங்கள் விருப்பம். ஆனால் அந்தக் கடைசிப் பத்திக்காக, நீதிமன்றத்தில் பொய் சொன்னதாக ஒரு பிரிவு சேர்த்திருக்கிறீர்களே, அதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். குப்பம்மாவையே கூப்பிட்டுக் கேளுங்கள். கடைசியாக அவன் போன் செய்தபோது பின்னால் ஹாலில் எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது கேட்டதாம், மழையை மீறி, ரொம்பச் சத்தமாக. அத்திம்பேர்தான் எடுத்துக் கொடுத்திருப்பார், நல்ல சாரீரம் அவருக்கு. பயந்துபோன மனிதர்கள் அப்படிப் பாடுவார்களா, மேடம்?