பத்துப் பேருக்குக் கீழே

— உன் ரிப்போர்ட்ல இந்த ஒரு வகுப்புக்கு மட்டும் ஏம்மா காலியா கிடக்கு? மத்ததுக்கெல்லாம் நம்பர் வருதே!

— அது பத்துப் பேருக்குக் கீழ, அத்தை. அவ்ளோ கம்மியா இருந்தா ரிப்போர்ட் வாயையே திறக்காது. நான்தான் அப்படிப் பண்ணேன்.

— அது என்ன வகுப்பு?

— தண்ணியைக் கண்டாலே பயப்படற பெரியவங்களுக்கு நடக்குதே, அது.

— ஓஹோ... ஆளே வரலைன்னா மூடிடலாமா?

— ஐயய்யோ, மூடிடாதீங்க! வர்றாங்க... கொஞ்சம் பேரு.

— யார் யாரு?

— அதைத்தான் சொல்ல முடியாதுங்கறேன்.

— நல்லா இருக்குடி! நாலு நீச்சல் குளம் நடத்தறேன். முதலாளிகிட்டயே மறைப்பியா?

— எந்தக் குளத்துல எப்போ கூட்டம், எங்க இன்னொரு கோச் வேணும்... எல்லாம் தர்றேன். ஆளை மட்டும் கேக்காதீங்க.

— சரி, பேரு வேணாம். வயசு?

— ம்ஹூம்.

— ஆம்பளையா, பொம்பளையான்னாவது...

— அத்தை! விரல் விட்டு எண்ணற ஆளுங்க. வயசையும் குளத்தையும் சொன்னா, மூஞ்சியவே காட்டின மாதிரி.

— என் பையன் வந்து கேட்டா?

— அவரு தலைகீழா நின்னாலும் கிடையாது.

— அப்போ நீ மட்டும் நைசா பாத்துக்குவே.

— எனக்கும் தெரியாது. வாசல்ல கார்டைத் தேய்ச்சதும் கணக்குல ஒண்ணு கூடும், அவ்ளோதான். பேரு என் பக்கமே வராது.

— சத்தியமா?

— சத்தியமா.

— அப்பாடா...!

— என்ன அத்தை? திட்டப் போறீங்கன்னு பாத்தா சிரிக்கறீங்க!

— நீ இந்த ரிப்போர்ட் வேலையை ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லடி. போச்சு, மானம் போச்சுன்னு...

— உங்க மானம் எதுக்கு... ஐயோ! நீங்களா?

— கத்தாதே! ஆமா, நான்தான். குளம் கட்டினவளுக்கு முட்டளவு தண்ணியில நின்னாலே கை கால் உதறுது. ஊர்க் கடைசியில இருக்கற நம்ம குளத்துக்குப் போறேன். தொப்பி, கண்ணாடியெல்லாம் மாட்டிக்கிட்டா அந்தப் புது கோச்சுக்கு அடையாளமே தெரியல. நேத்து கையை விட்டுட்டு மிதந்தேன்டி! நானே மிதந்தேன்!

— அத்தை! உங்களைக் கட்டிக்கணும் போல இருக்கு!

— கட்டிக்கோ, கட்டிக்கோ. வெளியில மூச்சு விட்டியோ, தொலைச்சுடுவேன்! நீ மீன் மாதிரி நீந்தறவ, உனக்குச் சிரிப்பாத்தான் இருக்கும்.

— மீன் மாதிரியா... அது கல்யாணத்துக்கு முன்னாடி உங்களைக் கவுக்க அடிச்சு விட்டது, அத்தை. நானும் அதே வகுப்புதான், இந்தப் பக்கத்துக் குளம். இன்னும் படியை விட்டுக் கையே எடுக்கல!