போட் எஞ்சின்ல ஆயில் எங்கேர்ந்து ஒழுவுது

...இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன் பச்சையப்பா. பழவேற்காட்லேர்ந்து மண்ணூர்பேட்ட வரைக்கும் வந்து, என் ஷெட்டுல குந்திகினு, எஞ்சினுக்குக் கீழ பேப்பரப் போட்டு சொட்டு எண்ணிகினு கீறியே, இது உனுக்கே நாயமா கீதா? எத்தினி ஆச்சி? ஆறா? நான் அஞ்சுதான் பாத்தேன். சரி, ஆறுன்னே வெச்சிக்க.

மொறைக்காத மாமே! இந்த கஜபதி ஆவடி டேங்க் பேக்டரில இருவத்தெட்டு வருசம் எஞ்சின் மாட்னவன். உன்னுது இன்னா, போட்டுல ஓட்ற ரெண்டு சிலிண்டரு. நீ கொண்டாந்தப்போ உப்பு பூத்து கருவாடு மாரி இருந்துச்சி. பிஸ்டனு, ரிங்கு, பேரிங்கு, அல்லாம் புச்சு போட்டு, நீல பெயிண்ட்டும் அடிச்சிக் குட்தேன். நல்லாத்தான ஓடுது? ஓடுதுல்ல? அத சொல்ல மாட்டியே நீ!

மொத தபா வந்த, ஃப்ளைவீல் பக்கம் ஒழுவுதுன்ன. ஆயிலு வெளிய வராம புடிக்கிற ரப்பர் சீலு மாத்துனேன். அப்பால வந்த, புல்லி பக்கம்ன்ன. அந்த சீலும் மாத்துனேன். இப்போ மூணாவது தபா, கீழ ஆயில் தொட்டி ஜாயிண்ட்டுன்ற. நான் யாரத்தான் திட்றது? சீல் கட அப்துல் ரசாக் பாயத் திட்னேன். மட்ட சரக்கு விக்கிறியான்னு கத்துன கத்துல, இப்பல்லாம் என்னப் பாத்தாலே மன்சன் ஷட்டர எறக்கிடறாரு. உன்னக் கூட திட்னேன், உனுக்குத் தெரியாது. கண்டபடி ஓட்டிகினு கீறான்னு.

அதான் இன்னிக்கி எஞ்சின மண்ணெண்ணெல கய்வி, துணியால தொட்ச்சி, மேல ஃபுல்லா பவுடரு தூவுனேன். ஓட்டிப் பாத்தா எங்க பவுடரு ஈரமாவுதோ அங்கதான் ஓட்ட. ஆமா, என் பொண்ணு லாவண்யா பவுடருதான். "இன்னாப்பா, எஞ்சின பொண்ணு பாக்க வராங்களா?"ன்னு நக்கல் உட்டுட்டு ஆபீஸ் போச்சி. சரி, ஓட்னோம்ல? இன்னா ஆச்சி? ஒரு எடம்னா புடிக்கலாம். இது ஒடம்பு பூரா வேர்க்குதேய்யா!

தெரியும்ப்பா... தெரியும். நாளைக்கு மீன்புடி தடக்காலம் முடியுது. அல்லா போட்டும் கடலுக்குப் போவும், உன்னுது மட்டும் மணல்ல கெடக்கும். போன வருசம் ஆயில் காலியாயி, எஞ்சின் ஜாமாயி, ரெண்டு நாளு நடுக்கடல்ல மெதந்தியே... உன் ஊட்டுக்காரம்மா மதிவதனி எனுக்கு ஃபோன் போட்டுச்சி. "அண்ணே, ஒரு சொட்டு கூட ஒழுவாதுன்னு சொல்லி அனுப்புங்க, அப்பதான் உடுவேன்"னு. நானும் ஜம்பமா சரிம்மான்னுட்டேன். அதுலேர்ந்து சோறு எறங்கல எனுக்கு.

ஏய், ஏய்! அங்க இன்னாத்த நோண்டிகினு கீற? கைய எடு! அது பிரீதர் குழா. எஞ்சின் மூச்சு உட்ற வழி. உள்ள சேர்ற காத்து அது வழியாத்தான் வெளிய வரணும். அது மட்டும் அடச்சிகிச்சின்னு வையி, காத்துக்குப் போக்கிடம் இல்லாம, ஆயிலத் தள்ளிகினு கெடச்ச சந்துலல்லாம்... சீலுல... ஜாயிண்ட்டுல... அல்லா பக்கமும்...

இன்னாது அது? துணியா?

எவன்டா அவன் குழாக்குள்ள துணிய அடச்சது! குடு இங்க. நீல பெயிண்ட்டு ஒட்டிகினு கீது... அட கடவுளே.

பச்சையப்பா... அந்த கதவ கொஞ்சம் சாத்து. எஞ்சினுக்கு பெயிண்ட் அடிக்கறப்போ, பெயிண்ட்டு உள்ள போயிடக் கூடாதேன்னு சொருவுனது நாந்தான்யா. எடுக்க மறந்துட்டேன்.

சிரிக்கிறியா? சிரி. இத்தினி நாளா உனுக்குப் பல்லு கீதுன்னே தெரியல எனுக்கு. மன்னிச்சிக்க நைனா, மூணு தபா உன்ன அலைய உட்டேன். இரு, தொட்ச்சிட்டு புச்சா பவுடரு போடறேன்... ஸ்டார்ட் பண்ணு...

அர மணி நேரம் ஆச்சா? தொட்டுப் பாரு. காஞ்சி கீதா? அங்க? கீழ? பேப்பரு? ஒண்ணுமே இல்லயா! அப்பாடா. ஏத்து வண்டில.

ஒண்ணே ஒண்ணு. இந்த தொழில்பேட்ட எஸ்டேட்ல எவன் கிட்டயும் வாயத் தொறக்காத. பழவேற்காட்ல வேணா சொல்லிக்க, அங்க என்னிய ஒருத்தனுக்கும் தெரியாது. கெளம்பிட்டியா? டீ சாப்ட்டு போயேன்... யோவ்! அந்த லோடு வண்டி டிரைவர் காதுல இன்னாத்தய்யா சொல்ற? அவன் ஏன் என்னப் பாத்து சிரிக்கிறான்? யோவ் பச்சையப்பா! அவன் இந்த ஏரியாக்காரன்யா!