துரை கேட்ட பேண்டு

மலாயாவில் அவசரகாலம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று பார்க்க, அலோர் காஜாவிலிருந்து மலாக்கா போகும் எங்கள் பஸ்ஸை வழியில் நிறுத்தியிருந்தார்கள். முன்சீட்டில் ரப்பர் தோட்டத்து ஆட்கள் இருவர். ஒருவர் மடியில் நசுங்கிய டிரம்பெட், மற்றவர் மடியில் டிரம்.

"ஊதத் தெரியாதவனையெல்லாம் பிடிச்சு பேண்டு வெச்சது நம்ம தோட்டம்தான்லா," என்றார் டிரம்பெட்காரர்.

"தெரிஞ்சவரு மாரிமுத்து அண்ணன் ஒருத்தர்தான். தொழிலாளர் சங்கத்துக்கு பேண்டு ஆரம்பிச்சாருன்னு அவரைக் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்களே."

"அவரு இருந்தா நம்மளக் கிட்ட சேர்த்திருப்பாரா? எனக்கு மூச்சு நிக்காது, உனக்குத் தாளம் நிக்காது."

"வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிப் போற பார்ட்டிக்கு பேண்டு வேணுமாம். ஸ்டோர்ல பூட்டி வெச்ச அண்ணன் சாமானையே எடுத்துக் குடுத்துட்டாங்க."

"நமக்கு வர்றது ஒரே பாட்டு. அண்ணன் சங்க ஊர்வலத்துல ஊதினது."

"துரைக்கு என்ன தெரியும், கை தட்டுவாரு."

"கங்காணிக்குத் தெரியுமே."

"அன்னிக்கு அவரும் கூடச் சேர்ந்து பாடினவருதான். இப்பப் போய்ச் சொல்லுவாரா?"

போலீஸ்காரர் ஏறி வந்து டிரம்மைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே அரிசி இல்லை. பஸ்ஸைப் போகச் சொன்னார்.