ஷோத்மோன் போகாத ரஷ்யா

தேநீரில் நான் கற்கண்டைச் சற்றுக் கூடுதலாகவே போடுவேன். மாமியாருக்குச் சர்க்கரை நோய் என்பதால் அவருக்கு மட்டும் தனிக் கெண்டி. வட்டார மருத்துவமனையில் பதினாறு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். என் கையால் ஒருவருக்கும் மருந்து மாறிப் போனதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரையும் போல என் தங்கை நிகோராவின் கணவனும் ரஷ்யாவுக்கு, மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போனான். இரண்டாம் வருடம் தொலைபேசியில் மூன்று தலாக் எழுதி அனுப்பினான். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்து படித்தாள். பிறகு போய் அதே மாவைப் பிசைந்து முடித்தாள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பயம்.

அடுத்த வசந்தத்தில் என் கணவர் ஷோத்மோனும் ரஷ்யாவுக்கு டிக்கெட் எடுத்தார். புறப்படும் காலையில் மாமியாரின் சர்க்கரை மாத்திரையைக் கணவருடைய சூப்பில் கரைத்தேன். நோயில்லாத உடம்பை அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வியர்த்தது, நாக்குக் குழறியது, பெட்டி மேலேயே சரிந்தார். நான் தயாராக இருந்தேன். முதலில் குளுக்கோஸ் ஊசி, விழுங்க முடிந்ததும் கற்கண்டுத் தேநீர். கண் திறந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை விட்டு எங்கயும் போயிடாத, சபோஹத்."

கல்யாணமான ஒன்பது வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

மூன்று வருடத்தில் நான்கு முறை செய்தேன். டிக்கெட் வந்தால் மட்டும்தான். வீணாக ஒரு நாளும் கொடுத்ததில்லை. மருத்துவர் எடுத்த பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. "ரஷ்யான்னு சொன்னாலே மாப்பிள்ளைக்கு மயக்கம் வந்துடுதுடா" என்று அவருடைய நண்பர்கள் கேலி செய்தார்கள். அவருக்கு அது வெட்கம். அதைவிடப் பயம். விளக்கை அணைக்க விடமாட்டார். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்குவார்.

"என் மாத்திரையை எலி தின்னுதாம்மா? சில மாசம் முடியறதுக்குள்ளயே தீர்ந்துடுதே," என்று மாமியார் கேட்டார்.

"கடையில குறைச்சுக் குடுத்திருப்பாங்க," என்றேன்.

போன அக்டோபரில் ஷோத்மோன் என்னிடம் சொல்லாமலே டிக்கெட் எடுத்திருந்தார். கோட்டுப் பையில் பார்த்தேன்.

"விழுந்தா வண்டியிலயே விழறேன். ஆம்பளையா ஒரு தடவையாவது போய்ட்டு வரேன்," என்றார்.

சூப் கொடுத்தேன். குடித்து முடிக்கும்போது மருத்துவமனையிலிருந்து வண்டி வந்தது. ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று பாட்டியின் மாத்திரைகளை விழுங்கிவிட்டதாம். அதே மாத்திரை. பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று போனேன்.

ஊசி போட்டதும் குழந்தை விழித்துக்கொண்டது. "வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா அக்கா?" என்றாள் அதன் தாய்.

"கூடாது. சர்க்கரை ஏறிட்டு மறுபடி இறங்கும். நாள் முழுக்க யாராவது பக்கத்துல இருந்து பார்க்கணும்," என்றேன். சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

தொலைபேசி என் பையில்தான் இருந்தது. மாமியார் வீட்டில்தான் இருந்தார். உங்கள் மகனுக்கு இனிப்பாக ஏதாவது கொடுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அங்கிருந்தபடியே உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்களே. குழந்தையின் கை நடுக்கம் நின்றிருந்தது. நான்கு மணி நேரம் அந்தக் கட்டிலை விட்டு நான் நகரவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. நான் வீடு திரும்பியபோது மயங்கிக் கிடந்த ஷோத்மோனும் பிழைத்துக்கொண்டார். சாகவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நினைவு மட்டும் திரும்பவில்லை. தன் பெயர் தெரியாது. வாயருகே கரண்டியைக் கொண்டுபோனால் திறப்பார். காலையில் முகம் துடைத்து, தாடி வழித்து, ஜன்னலோரம் உட்கார வைக்கிறேன்.

என்னை நீங்கள் சிறைக்குக் கூட்டிப் போய்விட்டால் அவருக்கு யார் ஊட்டுவது என்பதுதான் இப்போது என் பயம். எங்கள் தெருவில் பதினொரு வீடுகள், ஐயா. விசாரித்துப் பாருங்கள். கணவன் வீட்டோடு இருப்பது எனக்கு மட்டும்தான்.