போதும் என்று சொல்பவள்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இடையில் யாரும் எழுந்து போகக் கூடாது. இது என்னோடு வேலை பார்க்கும் வெல்டர் சொன்னது. அவனுடைய பாட்டனுக்கும் பாட்டன் கயிறு திரிக்கிறவர்.

"நீயும் நல்லாத்தான் திரிக்கிறே" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வருகிறது. சரி, சிரி. கதை முடிந்த பிறகும் சிரிக்கிறாயா பார்ப்போம்.

விளக்கு வைக்கும் நேரம்... ஆளில்லாத ஒரு நீளப் பாதை. இரண்டு பக்கமும் மரத்தூண்கள், மேலே கூரை, கடைசியில் ஒரு கல்சுவர். அதில் நடப்பது ஒரே ஓர் ஆள். அதுவும் பின்பக்கமாக.

கயிற்றுக்காரரின் பிழைப்பு அப்படி. இடுப்பைச் சுற்றி நார். அதில் ஒரு நுனியை இழுத்து எதிரே இருக்கும் சக்கரத்துக் கொக்கியில் மாட்டுவார். சக்கரத்தை மனைவி சுற்றுவாள்... கிறீச், கிறீச். இவர் விரலால் நாரை விட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போவார். நார் முறுக்கேறி இழையாகும். திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் விரல் பிசகி இழை அறுந்துவிடும். சுவர் நெருங்கியதும் சக்கரத்தில் இருப்பவள்தான் "போதும்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் முதுகு இருந்தது.

மூத்த மனைவி பல வருஷம் அதைச் சொன்னாள். ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிறகு இரண்டாந்தாரமாக இளையவள் வந்தாள்.

வந்த புதிதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "அத்தான் வேலைக்குப் போனா உன் மூஞ்சிய நினைச்சாவது பார்ப்பாரா? எங்க வீட்டுக்காரர் பொழுதுக்கும் என்னையேதான் பார்த்துக்கிட்டு இருக்கார்" என்று தன் கூடப்பிறந்த அக்காவிடம் பீற்றிக்கொள்வாள். அக்காவுக்குக் காதில் புகை.

ஒருநாள் அந்தியில்... திடீரென்று ஈர நார் வாசனை தூக்கியது. நன்றாக வெயில் காய்ந்த நாள் அது. இளையவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தோளுக்குப் பின்னால், சுவரோரம், ஒருத்தி நின்றாள். ஒல்லி. தலைமுடியை இறுக்கி முடிந்திருந்தாள். முகம் இருட்டில். வலது கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கையில் ஒன்றுமில்லை. சக்கரம் சுற்றுகிற மாதிரி, வெறும் காற்றை... சுற்று, சுற்று.

கயிற்றுக்காரர் ஒவ்வோர் அடியாக அவளிடம் போய்க்கொண்டிருந்தார்.

இளையவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. வயிறு எரிந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இவளிடமா போகிறார்?

"போதும்!"

மறுநாளும் அவள் நின்றாள். சுவரைவிட்டுக் கொஞ்சம் முன்னால். இளையவள் இன்னும் சீக்கிரமே போதும் என்றாள். அதற்கு மறுநாள் இன்னும் சீக்கிரம். கயிறு குட்டையாகிக்கொண்டே போனது. ஒரு படகுக்காரர் வாசலில் வந்து நின்று கத்தினார்: "உன் கயித்தைக் கட்டி நங்கூரம் போட்டா நடுத்தண்ணியில ஊஞ்சல் ஆடுதய்யா!"

அன்று ராத்திரி சாப்பிடும்போது கயிற்றுக்காரர் கேட்டார். "ஏன் பாதியிலேயே நிறுத்துறே?"

அவள் சொல்லிவிட்டாள். "அங்க உங்க மூத்தவ நிக்குறா."

அவர் பதறவில்லை. சாப்பிடுகிற கை அப்படியே நின்றது. மெதுவாக... "இளைச்சுப் போயிருக்காளா?" என்றார்.

அவ்வளவுதான். தன்னை ஒருநாளாவது அந்தக் குரலில் எதையாவது கேட்டிருக்கிறாரா? செத்தவளோடு போட்டி போட்டு எவள் ஜெயித்திருக்கிறாள்! இளையவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நாளையிலேருந்து நான் நடக்குறேன். நீங்க சுத்துங்க."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் கண் தன் முகத்தின் மேல் இருக்கும். குறுக்கே தன் உடம்பு இருக்கும். மூத்தவள் எப்படி அவரை நெருங்குவாள்? இளையவள் ஒன்றைத்தான் மறந்துவிட்டாள். போதும் என்று சொல்ல வேண்டியது இனி அவர்.

மறுநாள் அந்தி. நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தாள். கிறீச்... கிறீச். அவர் அவளையே பார்த்தார். அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பாதி வழியில் அவர் பார்வை லேசாக நகர்ந்தது. கன்னத்திலிருந்து காதுக்கு. காதிலிருந்து தோளுக்கு மேலே... முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அவள் அந்த முகத்தில் பார்த்ததே இல்லை.

"என்னைப் பாருங்க!"

அவர் பார்க்கவில்லை. சக்கரம் வேகமாகச் சுற்றியது. அவள் நடந்தாள். நின்றிருக்கலாம். வீம்பு, நிற்கவில்லை. சுவர் வந்திருக்க வேண்டும்... வரவில்லை. இன்னும் நடந்தாள். வரவில்லை. ஈர நார் வாசனை மூக்கை அடைத்தது. கழுத்துப் பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு.

"போதும்."

அவர் சொல்லவில்லை. அவள் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது.

இழை அறுந்தது. அவள் திரும்பினாள். மூக்கை உரசுகிற மாதிரி கல்சுவர். வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சுவரோரம் யாரும் நிற்கவே இல்லை.

ஆனால் கயிற்றுக்காரர் அன்றிலிருந்து இளையவளின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. சோறு போடும்போதும், விளக்கை அணைக்கும்போதும், தோளுக்குக் கொஞ்சம் மேலே பார்த்துத்தான் பேசுவார். அன்பாகத்தான் பேசுவார். அதுதான் அவளைக் கொன்றது. பின்னால் யாரும் நிற்க இடமில்லாதபடி அவள் எப்போதும் சுவரில் முதுகை ஒட்டியே உட்காரப் பழகினாள். தூங்கும்போதும் அப்படித்தான்.

அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. எனக்கே எனக்கென்று ஒரு ஜோடிக் கண் என்று பூரித்துப்போனாள். சுவரில் முதுகை அழுத்தி உட்கார்ந்து பால் கொடுப்பாள்.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம்... குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. தலையைத் தூக்கியது. அவள் முகத்தைத் தாண்டி, தோளுக்கு மேலே, சுவரைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

பிறகு வலது கையைத் தூக்கி, அந்தரத்தில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.